வெளியூர் ரசிகனுக்கும் ஒரு வாசல் வையுங்கள்

அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கும், இந்தியன் சூப்பர் லீக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

சென்னையின் எஃப்.சி. இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றிருக்கிறது. இரண்டு முறையும் இறுதி ஆட்டம் எதிரணியின் சொந்த மண்ணில்தான் நடந்தது. 2015 டிசம்பர் 20 அன்று மட்காவின் ஃபட்டோர்டா மைதானத்தில் எஃப்.சி. கோவாவை 3-2 என்று வென்றோம். 2018 மார்ச் 17 அன்று கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்.சி.யை அதே 3-2 கணக்கில் வென்றோம். பெங்களூருவின் சுனில் சேத்ரி ஆரம்பத்திலேயே கோல் அடித்து மைதானம் முழுவதும் எழுந்து நின்ற பிறகு, எங்கள் மயில்சன் ஆல்வ்ஸ் தலையால் முட்டிப் போட்ட இரண்டு கோல்களையும் கொண்டாடிய சிறு கூட்டம் எங்களுடையது. 2015இல் சென்னை வெள்ளத்தில் கிடந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தையே புணேவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டிவிட்டு கோவாவுக்கு ரயிலேறியவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே, வெளியூர் ஆட்டம் எங்களுக்கு வெறும் பொழுதுபோக்குப் பயணம் அல்ல. எங்கள் கழகத்தின் வரலாறே அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பயணங்களில் எங்களைப் போன்றவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். எந்த மைதானத்தில் எது நடந்தது என்று பெயர் சொல்லப்போவதில்லை. ஒரு கழகத்தை மட்டும் கூண்டில் ஏற்றினால் மற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள்.

தொல்லை டிக்கெட்டிலேயே தொடங்கிவிடுகிறது. வெளியூர் ரசிகர்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறதா, எந்த வாசல், எத்தனை இருக்கை என்று டிக்கெட் விற்கும் தளத்தில் தேடினால் பல நேரங்களில் பதில் கிடைப்பதில்லை. யாரோ ஒருவருக்குக் கழகத்தில் தெரிந்தவர் இருப்பார். அவர் இன்னொருவரைக் கேட்டுச் சொல்வார். அந்த வசதி இல்லாதவர்கள் ஏதோ ஒரு கேலரியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு, எங்கள் அணியின் நீலச் சட்டையைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, கோல் விழும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கிறேன். என் அணி சமன் செய்த நொடியில் கை தன்னால் உயர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் முழங்கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினார். என்மேல் இருந்த கரிசனத்தால்தான் அவர் அப்படிச் செய்தார். சுற்றி இருந்தவர்களை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது வாசல் சோதனை. பாதுகாப்புக்காகச் சோதனை செய்யத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் விதி மாறுகிறது. ஒரு மைதானத்தில் வாசலில் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வைத்திருந்தார்கள். சில்லறைக் காசு, பேனா, பவர் பேங்க், சீப்பு, ஒரு பெண்ணின் மாத்திரைப் பட்டை எல்லாம் அதற்குள் போயின. திரும்பப் பெறச் சீட்டு எதுவும் தரவில்லை. ஆட்டம் முடிந்து வந்தபோது தொட்டியும் இல்லை, வைத்தவர்களும் இல்லை. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்து, பையில் சில்லறையும் இல்லாமல், தெரியாத ஊரில் இரவு பத்து மணிக்கு நிற்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் டிரம்முக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுமதி வாங்கியிருந்தோம். வாசலில் நின்ற அதிகாரிக்கு அந்த விவரம் வந்து சேரவே இல்லை. முதல் பாதி முழுக்க டிரம் வெளியே ஒரு டீக்கடையில் இருந்தது. அந்தக் கடைக்காரர் புண்ணியவான், காசு வாங்க மறுத்துவிட்டார்.

உள்ளே வந்தால் கழிப்பறை. இதைப் பற்றி எழுதக் கூசக் கூடாது. பெரும்பாலும் எங்களுக்கு ஒதுக்கப்படுவது மைதானத்தின் ஒரு மூலை. அந்த மூலைக்கு உரிய கழிப்பறை பூட்டிக் கிடக்கும், திறந்திருந்தால் தண்ணீர் வராது. அடுத்த பகுதிக்குப் போகக் காவலர் விடமாட்டார், ஏனென்றால் நாங்கள் வெளியூர்க்காரர்கள். எங்களுடன் வந்த பெண்கள் இருவர் மதியத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்தார்கள். அவர்களுக்கு இது முதல் அனுபவம் அல்ல; முன்னெச்சரிக்கை. அடுத்த ஆட்டத்துக்கு அவர்களில் ஒருவர் வரவில்லை. கேலரியில் பெண்கள் குறைவாக இருக்கிறார்களே என்று கவலைப்படும் நிர்வாகிகள் முதலில் அந்தப் பூட்டைத் திறக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் உள்ளூர் ரசிகர்கள் கலைந்து போகும்வரை எங்களை உள்ளேயே நிறுத்திவைப்பார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்வதில்லை. ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிறது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, இருட்டில் படிக்கட்டில் எங்களை உட்காரவைத்துவிட்டு, திடீரென்று ‘போங்க, போங்க’ என்று சாலைக்குத் தள்ளுவார்கள். அதற்குள் மெட்ரோவும் ஆட்டோவும் போயிருக்கும், ஊர் திரும்பும் ரயிலும் கிளம்பியிருக்கும். பெங்களூரு சென்னையிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீட்டர், கொச்சி அதைப் போல இருமடங்கு. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான் எங்களில் பெரும்பாலோர். குவாஹாட்டிக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் போக நினைப்பவனுக்குப் பல வாரங்களுக்கு முன்பே தேதி தெரிந்தாக வேண்டும். 2025 ஜூலையில் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டபோது வீரர்களின் சம்பளம் பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ரயில் டிக்கெட்டை எப்போது எடுப்பது என்று தெரியாமல் நின்ற ரசிகனைப் பற்றி யாரும் பேசவில்லை.

இதையெல்லாம் சொன்னால் ‘அப்படியானால் வெளியூர் ரசிகர்களையே அனுமதிக்காமல் விட்டுவிடலாம்’ என்று சில அதிகாரிகள் சுலபமாக முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அச்சம் தருவது இதுதான். அர்ஜென்டினாவில் 2013இல் ஒரு ரசிகர் இறந்த பிறகு வெளியூர் ரசிகர்களுக்குத் தடை வந்தது, அது ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்தத் தடை இருக்கும்போதே 2022 அக்டோபரில் லா பிளாட்டாவில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டு ஆட்டம் நின்றது, ஓர் உயிரும் போனது. அதே மாதத்தின் முதல் நாள் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் 135 பேர் இறந்தார்கள். அன்றைய ஆட்டத்துக்கு எதிரணி ரசிகர்கள் வரக் கூடாது என்று ஏற்கனவே தடை இருந்தது. கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசியதும், தப்பி ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் நெரிபட்டதும்தான் அவர்களைக் கொன்றன. மைதானத்தை நடத்தத் தெரியாதவர்கள், யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆபத்தை விளைவிப்பார்கள்.

அந்தப் பாடத்தைப் படிக்க நாம் ஜாவாவரை போக வேண்டியதும் இல்லை. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் மோதின. இரு அணிகளின் ரசிகர்களையும் ஒரே கேலரியில் கலந்து உட்காரவைத்திருந்தார்கள். இரண்டு வீரர்கள் வெளியேற்றப்பட்ட பிறகு கேலரியில் மூண்ட மோதலிலும் நெரிசலிலும் 16 பேர் இறந்தார்கள். அந்த நாளில் வங்காளத்தில் இன்றும் ரத்த தானம் செய்து அவர்களை நினைக்கிறார்கள். ரசிகர்களை எங்கே உட்காரவைப்பது, எந்த வழியாக அனுப்புவது என்ற கேள்விக்கு இந்த நாடு ஏற்கனவே உயிர் கொடுத்து விடை வாங்கியிருக்கிறது. அப்படியிருந்தும் 2024 அக்டோபரில் அதே கொல்கத்தாவில் கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்கள் இருந்த பகுதியை நோக்கிப் பாட்டில்கள் பறந்தன. கேரளா கழகமே கண்டித்து அறிக்கை விட்டது. கேரளா எங்களுக்குப் பரம எதிரி. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்தபோது மஞ்சள் சட்டைக்காரர்களுக்காக வயிறு எரிந்தது. ஊர் விட்டு ஊர் போய் அணிக்காகக் கத்துகிறவனின் பயம் எங்களுக்கும் தெரியும்.

இங்கிலாந்திலும் எல்லாம் தானாக நடந்துவிடவில்லை. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கினார்கள். 97 உயிர்கள் போயின. பழியையும் முதலில் அவர்கள்மேலேயே போட்டார்கள். தவறு அவர்களுடையது அல்ல என்று 2016இல் விசாரணை நடுவர்கள் சொல்லும்வரை குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. இன்று பிரிமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு எத்தனை இடம் தர வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது: 3,000 இருக்கை, சிறிய மைதானம் என்றால் கொள்ளளவில் 10 சதவீதம். 2016-17 சீசனிலிருந்து டிக்கெட் விலையும் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது. ரசிகர்கள் பல ஆண்டுகள் பதாகை பிடித்து வாங்கிய சலுகை அது. உரிமம் கேட்கும் கழகம் ரசிகர் தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் உரிம விதிகள் சொல்கின்றன.

நம்மிடமும் கழகங்களுக்கு உரிமம் வழங்கும் முறை இருக்கிறது. ஆண்டுதோறும் கூட்டமைப்பு மைதானம், கணக்கு, இளையோர் பயிற்சி எல்லாவற்றையும் சரிபார்க்கிறது. அந்தப் பட்டியலில் வெளியூர் ரசிகர் பகுதியையும் சேருங்கள். தனி வாசல், திறந்திருக்கும் கழிப்பறைகள், பெண்களுக்குத் தனியாக, குடிநீர், எதைக் கொண்டுவரலாம், எதைக் கூடாது என்று எல்லா மைதானங்களுக்கும் பொதுவான ஒரே பட்டியல், தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் வங்காளத்திலும் இன்னும் வேண்டிய மொழிகளிலும். வாசலில் வாங்கும் பொருளுக்குச் சீட்டு. ஆட்டம் முடிந்து எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு. ஒவ்வொரு கழகத்திலும் எங்கள் தொலைபேசி அழைப்பை எடுக்க ஒருவர். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. ஆட்டத் தேதியை மாற்றினால், ஏற்கனவே டிக்கெட் வாங்கிய வெளியூர் ரசிகனுக்குக் கேள்வி கேட்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

சூப்பர் மச்சான்ஸ், பி ஸ்டாண்ட் புளூஸ், மஞ்ஞப்படை, வெஸ்ட் பிளாக் புளூஸ் என்று எந்த அணியின் ரசிகர் கூட்டத்தைக் கூப்பிட்டாலும் இந்தப் பட்டியலைச் சேர்ந்து எழுதித் தர ஆள் வருவார்கள். தொண்ணூறு நிமிடம் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்பவர்கள்தான், ஆனால் பூட்டிய கழிப்பறை எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்த சீசனின் அட்டவணையை முடிவு செய்வதற்கு முன் எங்களை ஒரு நாள் அழைத்துப் பேசுங்கள். எந்த ஊரில் என்றாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையின் எஃப்.சி. ரசிகன் ஒருவன்
சென்னை