கரையேற்றும் வலை: மகளுக்கு ஒரு கடிதம்

விக்கிரமசிங்கபுரம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அங்கே நலந்தானே?

நீ இங்கிலாந்திலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன், தூண்டிலில் மாட்டின மீனைக் கரையேற்றுகிற கைவலை உடைந்து கிடக்கிறது. "வலை கிழிஞ்சிட்டு மாமா" என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். வலை கிழியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார், கம்பும் வளையமும் சேருகிற கழுத்தில், திருகி மாட்டுகிற பிளாஸ்டிக் மரை மொத்தமாக உருவிக்கொண்டு வந்திருக்கிறது. வலைப்பையில் ஒரு நூல்கூட அறவில்லை. எந்த கம்பெனி வலை வாங்கலாம் என்று கேட்டாய். கம்பெனியை விடு. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், பிறகு நீயே எடுத்துவிடுவாய். போனில் பேசினால் பாதியில் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

கடைக்காரன் வலைப்பையைத்தான் விரித்துக் காட்டுவான். நீ முதலில் கழுத்தைப் பார். மில்லில் பிட்டராக இருந்தவன் சொல்கிறேன், எந்தச் சாமானும் உடைவது இரண்டு பொருள் சேருகிற இடத்தில்தான். உங்கள் ஊரில் கைவலைக் கம்புக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே மரைதான், 3/8 அங்குலம் பி.எஸ்.எஃப். என்கிற பிரிட்டிஷ் பொடி மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. மில்லில் கிடந்த பழைய சீமை மெஷின்களில் நான் ஸ்பேனர் போட்ட அதே சாதி மரை. அதனால் உனக்கு ஒரு வசதி இருக்கிறது. கம்பை ஒரு கடையிலும் வளையத்தை இன்னொரு கடையிலும் வாங்கினாலும் பொருந்தும். செட்டாக வாங்காதே. செட்டில் ஒன்று நன்றாக இருந்தால் மற்றது சுமாராகத்தான் இருக்கும்.

மரை பித்தளையில் இருக்க வேண்டும். கம்புக்குள் இருக்கிற பெண் மரையும் பித்தளையாக இருந்தால் உத்தமம். கையால் திருகும்போது முதல் சுற்றே வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பிடித்தால் பலவந்தம் பண்ணாதே, கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம், கழற்றித் திரும்ப வை. முழுக்க ஏற்றிய பிறகு வளையத்தின் முன் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். ஆட்டம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு. புதுசிலேயே ஆடுகிறது, போகப் போகச் சரியாகாது. மடக்கும் கீல் வைத்த வலையை நான் வாங்க மாட்டேன். பையில் அடங்கும் என்பது சரிதான், ஆனால் ஆட்டத்துக்கு இன்னோர் இடம் கூடுகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவைப்படலாம், உன்னிடம் கார் இருக்கிறதே.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீருக்குள் மீனுக்கு எடையே தெரியாது. மேலே தூக்கியதும்தான் தெரியும். 4 கிலோ மீன், 2 மீட்டர் கம்பின் நுனி, கம்பின் அடியில் உன் பின் கை, அதற்கு 40 சென்டிமீட்டர் முன்னால் முன் கை என்று வைத்துக்கொள். முன் கை சுமப்பது 20 கிலோ! கம்பின் எடை தனி. கம்பு அங்கே வளைகிறது, கழுத்து மரையும் வளைகிறது. ஆகவே கம்பைப் பிடித்து மீனைத் தூக்கவே கூடாது. மீன் வலைக்குள் வந்ததும் கம்பைக் கரைமேல் பின்னுக்கு இழு. வளையம் கைக்கு எட்டியதும் கம்பை விட்டுவிட்டு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கு. உன் வலை உடைந்த அன்று மாப்பிள்ளை எப்படித் தூக்கினார் என்று நான் கேட்கவில்லை. நீ கேட்டுக்கொள்.

கம்பின் நீளத்தைக் கரைதான் தீர்மானிக்க வேண்டும். நம்ம ஆற்றில் படித்துறை தண்ணீருக்குள்ளேயே இறங்குகிறது, கடைசிப் படியில் குந்தினால் ஒரு முழக் கம்பு போதும். கன்னடியன் கால்வாயில் கல் கட்டின இடத்தில் நின்றால் அதே கம்பு ஒன்றுக்கும் உதவாது. நார்தாம்டனில் நீங்கள் போகிற கால்வாய்க்கரை தாழ்வு, நீன் ஆற்றங்கரை சில இடத்தில் உயரம் என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் முழங்காலிட்டு உட்கார்ந்தபடி வளையம் முழுக்கத் தண்ணீருக்குள் முங்க வேண்டும், அதுதான் அளவு. கால்வாய்க்கு 2 மீட்டர் போதும். ஆற்றுக்கு 3 மீட்டர் வரை நீளுகிற கம்பு ஒன்று வைத்துக்கொள், மரை ஒன்றுதானே, வளையத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். நீட்டுகிற கம்பு என்றால் நீட்டிப் பூட்டிய பிறகு நுனியைத் தரையில் ஊன்றி அழுத்து, உள்ளே வழுக்கக் கூடாது. அப்புறம், கார்பன் கம்பும் சரி அலுமினியக் கம்பும் சரி, மின்சாரம் பாயும். தலைக்கு மேலே கம்பி போகிற இடத்தில் தூண்டிலே போடாதீர்கள். பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லி வை.

வளையத்தின் அளவு நீங்கள் பிடிக்கிற மீனைப் பொறுத்தது. கால்வாயில் ரோச், பெர்ச் என்று கையகல மீன்தான் என்றால் 45, 50 சென்டிமீட்டர் வட்டம் போதும். கார்ப் பிடிக்கிறவர்கள் 42 அங்குல முக்கோண வலை வைத்திருப்பார்கள், உனக்கு இப்போது அது எதற்கு? பையின் ஆழத்தை மட்டும் கவனி. ஆழம் குறைந்தால் பெரிய மீன் ஒரு துள்ளலில் விளிம்பைத் தாண்டும். ஆழம் கூடினால் சின்ன மீன் அடியில் சுருண்டு புரண்டு செதில் கொட்டும்.

வலைப்பை பற்றித்தான் உனக்கும் எனக்கும் பழக்கம் மாறுகிறது. இங்கே நாம் பிடிப்பது சட்டிக்கு. விராலோ கெண்டையோ ஜிலேபியோ, முடிச்சுப் போட்ட நைலான் வலையில் உடம்பு உரசினால் யாருக்கு நட்டம்? அடுத்த மணி நேரத்தில் புளியும் மாங்காயும் போட்டு அம்மா கொதிக்க வைத்துவிடுவாள். நீங்கள் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விடுகிறீர்கள். அப்போது உரசல் பெரிய விஷயம். மீன் வழுவழு என்று இருக்கிறதே, அந்த வழும்புதான் அதற்குக் காவல். முடிச்சு அதை வழித்துவிட்டால் அந்த இடத்தில் பூஞ்சையும் புண்ணும் பிடிக்கும், துடுப்பும் கிழியும். விட்ட மீன் நீந்திப் போவதைப் பார்த்து நீ திருப்தியாக வீட்டுக்குப் போவாய், அது நாலு நாள் கழித்துச் சாகும். இங்கிலாந்துச் சட்டமே முடிச்சு வலையையும் கம்பி வலையையும் கைவலையில் தடுக்கிறது. நல்ல சட்டம். முடிச்சில்லாமல் பின்னிய மெல்லிய வலை அல்லது ரப்பர் பூசின வலை, இரண்டில் ஒன்று எடு. ரப்பர் கனக்கும், ஓடுகிற தண்ணீரில் இழுக்கும், ஆனால் தூண்டில் முள் அதில் சிக்காது. பேரன் மூன்று முள் வைத்த பொய் இரை போடுகிறான் என்றாய், அவனுக்கு ரப்பர்தான். முடிச்சில்லா வலையில் அந்த முள் மாட்டினால் எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

"விடப்போற மீனுக்கு இத்தனை பாடா?" என்று அம்மா கேட்கிறாள். இவள்தான் பாபநாசம் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் பொரி வாங்கிப் படித்துறை மீனுக்குப் போட்டுவிட்டு, தொட வந்த பிள்ளைகளை விரட்டுகிறவள். அதையும் சொன்னேன். பதில் இல்லை.

மீன் களைத்துப் பக்கவாட்டில் சாயும் முன்னால் வலையை நீட்டாதே. வலையை முதலில் தண்ணீரில் இறக்கி முங்கவிட்டு அசையாமல் வைத்திரு, தூண்டில்காரர் மீனை வலைக்கு மேலே கொண்டுவரட்டும். வலை மீனைத் துரத்தக் கூடாது. வாலைத் தொட்டால் அது திரும்பப் பாயும், தூண்டில் நரம்பு அறும். தலை முதலில் வர வேண்டும். கையையும் வலையையும் நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், முள்ளைக் கழற்றுவதைக்கூட முடிந்தவரை வலை தண்ணீருக்குள் இருக்கும்போதே செய்.

இனி பராமரிப்பு. உங்கள் வீட்டில் ஏமாறப்போவது இதில்தான். என் அப்பா காலத்தில் பருத்தி நூல் வலை. பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் முக்கி முக்கிக் காயவைப்பார்கள், விட்டால் மக்கிவிடும் என்று பயம். நைலான் மக்காது, அதனாலேயே எவனும் அதைக் கவனிப்பதில்லை. நைலானுக்கு வெயில்தான் எமன். வெயிலிலேயே கிடந்தால் பார்க்கப் புதுசாக இருக்கும், இழுத்தால் பொடிப்பொடியாக அறும். அங்கே வெயில் எங்கே இருக்கிறது என்று சிரிக்காதே, கார் பின் கண்ணாடிக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் கிடந்தால் போதும். நிழலில், காற்றில், வளையத்தைத் தொங்கவிட்டுக் காயவை. வெறும் தண்ணீரில் அலசினால் போதும், சோப்பு வேண்டாம். ப்ரீம் மீனின் வழும்பு காய்ந்துவிட்டால் நாற்றம் போகாது, அதனால் கரையிலேயே அலசிப் புல், இலை எல்லாம் பொறுக்கிவிட்டு வா. ஈரத்தோடு பையில் சுருட்டிப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டை விட்டே ஓடுவார்.

முழுசாகக் காயவைப்பதற்கு நாற்றத்தைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. ஒரு குளத்து ஈரத்தில் ஒட்டிய நுண்ணுயிரும் செடித் துணுக்கும் நத்தையும் அடுத்த குளத்துக்கு உன் வலையில் ஏறிப் போகும். பார், கழுவு, காயவை என்று உங்கள் ஊரில் பலகையே வைத்திருக்கிறார்கள் அல்லவா? சில ஏரிகளில் வலையை முக்க மருந்துத் தொட்டியும் வைத்திருப்பார்கள், அலட்சியமாகத் தாண்டிப் போகாதே. வெளியிலிருந்து வந்தது என்ன செய்யும் என்று நம் பக்கத்து ஆளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஜிலேபி மீன் 1952-ல் இந்தியாவுக்குள் வந்தது, இப்போது அது இல்லாத குளத்தைக் காட்டு பார்ப்போம். தென்னமெரிக்காவிலிருந்து வந்த ஆகாயத்தாமரை தண்ணீரே தெரியாமல் மூடுகிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசு தடை செய்தும் தீரவில்லை. ஆகவே கால்வாயில் போட்ட வலையை அன்றே ஏரிக்கு எடுத்துப் போகாதே. கை வைத்துப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், வளையத்தில் நூல் சுற்றிய மடிப்புக்குள் ஈரம் நிற்கும். காய்ந்தபின்னும் இரண்டு நாள் தொங்கட்டும். இரண்டு இடத்துக்கும் அடிக்கடி போவதானால் இரண்டு வளையம் வாங்கிவிடு, கம்பு ஒன்று போதும்.

அங்கே ஆற்றில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக் கூடாதே, அப்போது ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் பார்த்துவிடு. மரையைப் பழைய பல்தேய்க்கும் பிரஷால் மண் போகத் தேய்த்து, துளி வாஸ்லின் தடவு. அலுமினியமும் பித்தளையும் ஈரத்தோடு சேர்ந்து கிடந்தால் பூத்துப் போய்ப் பிடித்துக்கொள்ளும், அதனால் வீட்டுக்கு வந்ததும் கம்பையும் வளையத்தையும் தனித்தனியாகக் கழற்றி வைப்பதே நல்லது. ரிவெட்டை நகத்தால் நெருடிப் பார். வலைக் கண்ணை இரண்டு விரலால் பிடித்து வெடுக்கென்று இழு, வளையத்தை ஒட்டின வரிசையில்தான் முக்கியமாக. கரைக்கல்லில் உரசி முதலில் அறுவது அந்த வரிசைதான். முடிச்சு வலையென்றால் வலை ஊசியால் ஒரு கண்ணை நானே பின்னித் தருவேன். முடிச்சில்லா வலையில் சின்ன ஓட்டையை மெல்லிய நூலால் வெளிப்பக்கமாகத் தைக்கலாம், அதற்கு மேல் கிழிந்தால் பையை மட்டும் புதிதாக வாங்கி மாட்டிவிடு, தனியாக விற்கிறார்கள்.

இன்னொன்று. நம்ம கெளுத்திக்குப் பக்கத்து முள் ரம்பம் மாதிரி இருக்குமே, உங்கள் ஆற்று பார்பல் மீனுக்கும் முதுகில் அப்படி ஒரு முள் உண்டு. அது வலையில் மாட்டினால் மீனைப் பிடித்து இழுக்காதே. கத்தரியால் வலைக் கண்ணை வெட்டிவிடு.

பேரனுக்கு 13 வயது ஆகும்வரை தூண்டில் போட லைசென்ஸ் வேண்டாம், உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேண்டும். வாங்கியிருப்பீர்கள்தானே?

ஏட்டி, வளையம் வாங்கும் முன்னால் மரைப் பக்கத்தைக் கிட்டத்தில் வைத்து வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு, திருகும்போது ஒரு வீடியோவும் எடு. பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் பணத்தைக் கொடு.

இப்படிக்கு
அப்பா