பழனிக்கு நடப்பவர்களுக்கும் ஒரு திண்டி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தைப்பூசப் பாதயாத்திரையில் நேரும் சாலை விபத்துகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, இரவில் நெடுஞ்சாலையில் கூட்டமாக நடப்பவர்களின் கவனக்குறைவே எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிந்திருந்தது. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நான்கு முறை நடந்தவன், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மும்பை செம்பூரில் வசிப்பவன் என்ற முறையில் அதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கடந்த ஆனி மாதம், மகாராட்டிரத்தில் விட்டலரின் தலமான பண்டரிபுரத்துக்கு ஞானேசுவர மகானின் பாதுகைகளைச் சுமந்து செல்லும் பல்லக்குடன் ஒரே ஒரு நாள் நடந்துவிட்டு வந்தேன். கவனத்தை ஒவ்வொரு தனி மனிதரிடமும் எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, அதை முன்கூட்டியே ஏற்பாடு செய்தும் வைக்கலாம் என்பதை அன்று கண்டேன்.

ஞானேசுவரரின் சமாதி உள்ள ஆளந்தியிலிருந்து பண்டரிபுரத்துக்குச் சுமார் 250 கிலோமீட்டர். ஆஷாட ஏகாதசித் திருவிழாவுக்கு அங்கே இருக்கும்படி இரண்டரை வார காலம் நடக்கிறார்கள். இதில் மிக நீளமான ஒரு நாள் நடை, புனேயிலிருந்து சாஸ்வட் வரையிலான ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த ஒரு நாளுக்குத்தான் என் அடுத்த வீட்டு மராட்டிய நண்பர் என்னை அழைத்துப் போனார். அவர் தம் தந்தையார் காலத்திலிருந்து ஒரே திண்டியில் நடப்பவர். திண்டி என்றால் நமக்குத் தின்பண்டம். அவர்களுக்கு அது நடைக்குழுவின் பெயர். அன்று எங்கள் திண்டியில் நம் பொருளில் திண்டி எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழி மிக நீளமான அந்த நாளே ஏகாதசியாகவும் அமைந்து, வார்கரிகள் எனப்படும் இந்த யாத்திரிகர்கள் எல்லாரும் விரதத்தில் இருந்தார்கள். வழிநெடுகக் கிடைத்தவை வாழைப்பழமும் வேர்க்கடலை போட்ட ஜவ்வரிசிக் கிச்சடியும்தான். மகாராட்டிரத்துக்கு ஜவ்வரிசி பெருமளவில் நம் சேலத்திலிருந்து போகிறது என்பதை நண்பரிடம் சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

பவானி பேட்டையில் உள்ள பால்கி விட்டோபா கோயிலிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். தேகுவிலிருந்து வந்த, இன்னொரு மகானான துக்காராமரின் பல்லக்கு ஹடப்சரில் பிரிந்து சோலாப்பூர் சாலையில் செல்ல, எங்கள் பல்லக்கு சாஸ்வட் சாலையில் திரும்பியது. ஒவ்வொரு திண்டியிலும் முன்னே காவிக் கொடிகள், பிறகு தாளம் தட்டுவோரின் வரிசைகள், நடுவே மிருதங்கம், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்கள், எல்லாருக்கும் ஆதாரமாக வீணை ஏந்திய ஒருவர் என்று இடம் வகுத்திருக்கிறார்கள். பல்லக்கு ரதத்துக்கு முன்னே இத்தனையாவது, பின்னே இத்தனையாவது என்று திண்டிகளுக்கு எண் உண்டு. அந்த வரிசை வழியில் மாறுவதில்லை. நான் தேநீர் குடிக்க ஒதுங்கி ஒரு மணி நேரம் வழி தவறியபோது, யாரோ ஒரு மூதாட்டி, "மாவுலி, உங்கள் எண் என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு, எத்தனை கொடிகளைத் தாண்டிப் போக வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்லிவிட்டார். மாவுலி என்றால் தாய். ஆண், பெண், போலீஸ்காரர், தேநீர்க் கடைக்காரர் அனைவரையும் அப்படித்தான் அழைக்கிறார்கள், சபரிமலை வழியில் எல்லாரும் சாமி ஆவதைப் போல.

திவே கணவாயின் ஏற்றத்தில் ரதத்துக்குக் கூடுதல் மாடுகளைப் பூட்டினார்கள். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது சாலைதான். அன்று அந்த வழியின் வாகனங்களை போப்தேவ் கணவாய் போன்ற மாற்றுப் பாதைகளில் திருப்பி விட்டிருந்தார்கள். கீழே மஸ்தானி ஏரி தெரிய, மாட்டுங்கா பஜனைகளில் கேட்டுப் பழகிய அபங்கங்கள் என்னும் மராட்டிய பக்திப் பாடல்களை உடன் பாடிக்கொண்டு, பின்னால் என்ன வருகிறது என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஒரு நெடுஞ்சாலையின் நடுவே நடந்தது என் வாழ்நாளில் அதுவே முதல் முறை. பாயும் படுக்கையும் லாரியில் முன்னதாகவே சென்று, மாலையில் நாங்கள் சேர்ந்தபோது கூடாரம் தயாராக இருந்தது. பொழுது சாய்ந்த பிறகு யாரும் நடக்க வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, இக்கடிதம் எழுதத் தூண்டியது சாஸ்வட்டில் நாள் முடிவில் நடந்த சமாஜ ஆரத்தி என்னும் கூட்டு வழிபாடுதான். எல்லாத் திண்டிகளும் பல்லக்கைச் சுற்றி நின்று தாளம் முழக்குகின்றன. வெள்ளித் தடி ஏந்திய சோப்தார், அதாவது நம் கோயில் கட்டியக்காரர் போன்றவர், தடியை உயர்த்தியதும் அத்தனை தாளமும் சட்டென்று நிற்கிறது. குறை உள்ள திண்டி மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருக்கும். சோப்தார் அங்கே போய்க் குறையைக் கேட்டுவந்த பிறகுதான் மேற்கொண்டு காரியம் நடக்கும். தொலைந்த பொருள்கள், கிடைத்த பொருள்கள் பற்றிய அறிவிப்பும் அங்கேதான். மனு இல்லை, முத்திரை இல்லை. இந்த ஒழுங்கை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்தவர் ஹைபத்ராவ் பாபா ஆர்பல்கர் என்பவர்; குவாலியர் சிந்தியாவின் அரசவையில் பணியாற்றியவர். படை நடத்தும் முறை தெரிந்தவர் பக்தர்களை நடத்தியிருக்கிறார்.

வாரி என்னும் இந்த யாத்திரையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கூட்டம் கடந்த பிறகு சாலையோரம் கிடந்த தட்டுகளையும் நெகிழிப் புட்டிகளையும் பார்த்தேன். நடமாடும் கழிப்பறைகள் வந்துவிட்ட பிறகும் பெண்களின் சிரமம் தீரவில்லை என்று உடன் நடந்த பெண்களே கூறினார்கள்.

பழனிக்கு அப்படி ஒரே பல்லக்கு கிடையாது, எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் தத்தம் நாளில், தத்தம் வேகத்தில் வருகிறார்கள் என்று மறுப்புச் சொல்லலாம். உண்மைதான். ரத்தினவேலோடு காவடி சுமந்து குன்றக்குடி, நத்தம் வழியாக வரும் நகரத்தாரின் நடை தலைமுறை தலைமுறையாக முறைப்படி நடப்பது. அவர்களுக்கு நான் யோசனை சொல்லத் தேவையில்லை. என் கவலை, தெருவுக்குத் தெரு பத்துப் பேர், இருபது பேராகச் சேர்ந்து, எங்கே தூங்குவது என்று தெரியாததாலேயே இரவெல்லாம் நடக்கிற மற்றவர்களைப் பற்றியது. 1991இல் எங்கள் குழுவில் ஒருவரை லாரி உரசிச் சென்றது அதிகாலை மூன்று மணிக்கு. அவர் கவனமில்லாமல் நடக்கவில்லை, தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்.

எல்லாத் திசைகளையும் ஒழுங்குபடுத்த முடியாவிட்டாலும், ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வரையிலான கடைசி 30 கிலோமீட்டரை ஒழுங்குபடுத்தலாம். அதுவும் புனே, சாஸ்வட் தூரம்தான். அறநிலையத் துறையும் மாவட்ட நிர்வாகமும் கார்த்திகை மாதத்துக்குள் குழுக்களைப் பதிவு செய்து எண் கொடுத்து, அந்த எண்ணைக் கொடியில் எழுதச் சொல்லலாம். தைப்பூசத்துக்கு முந்தைய சில நாள்களில் கனரக வாகனங்களைக் குறிப்பிட்ட மணி நேரங்களுக்காவது வேறு வழியில் அனுப்பலாம். பள்ளிகளையும் திருமண மண்டபங்களையும் இரவில் திறந்து வைத்து, எந்த ஊரில் எத்தனை பேர் படுக்கலாம் என்ற பட்டியலைத் தங்களைப் போன்ற நாளிதழ்களில் முன்கூட்டியே வெளியிடலாம். வழிநெடுக அன்னதானத்துக்கும் நீர்மோருக்கும் நம் மக்கள் குறை வைத்ததே இல்லை. படுக்க இடம் தருவதையும் அன்னதானத்தோடு சேர்த்து எண்ணினால் போதும். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுவது நல்லதுதான், ஆனால் அதோடு கடமை முடிந்துவிட்டதாகக் கருதக் கூடாது.

வரும் தைப்பூசத்துக்குச் செம்பூரிலிருந்து இருபத்திரண்டு பேர் ரயிலில் திண்டுக்கல் சென்று நடக்கவிருக்கிறோம். இம்முறை இரவில் நடப்பதில்லை, ஒட்டன்சத்திரத்தில் தங்கி விடிந்த பிறகே புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே ஓர் இரவுக்குக் கூரையுள்ள இடம் கிடைக்குமா என்று கேட்டு இரண்டு இடங்களுக்கு எழுதிய கடிதங்களுக்கு இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை.