நஃபனாயிலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி நஃபனாயில்,

ரஷ்ய எழுத்தாளர் செகாவின் ‘பருத்தவனும் மெலிந்தவனும்’ கதையைப் படித்தவர்கள் எல்லோரும் உன் அப்பாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்கு உன்னிடம்தான் பேச வேண்டும்.

நிக்கொலாயெவ்ஸ்கி ரயில் நிலையத்தில் மெலிந்தவரான உன் அப்பா போர்ஃபிரி, பருத்தவரான தன் பள்ளித் தோழர் மீஷாவைத் தற்செயலாகப் பார்க்கிறார். கட்டிப்பிடித்து முத்தமிட்டுக்கொள்கிறார்கள், இருவர் கண்ணிலும் நீர். அப்பா மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டுகிறார்: சம்பளம் போதவில்லை, அம்மா இசை கற்றுக்கொடுக்கிறார், தான் மரத்தில் சிகரெட் பெட்டி செய்து ஒரு ரூபிளுக்கு விற்பதாகவும், பத்து வாங்கினால் விலை குறைத்துத் தருவதாகவும் சொல்கிறார். வெட்கமில்லாமல், ஆசையாசையாக வந்த பேச்சு அது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுதான்.

அப்புறம் மீஷா தான் அந்தரங்க ஆலோசகர் என்ற உயர்ந்த அரசுப் பதவிக்கு வந்துவிட்டதைச் சொல்கிறார். அப்பா வெளுத்துப்போய்க் கூனிக் குறுகி, ‘மேதகு ஐயா’ என்று ஆரம்பித்துவிடுகிறார். நீயோ விறைத்து நின்று பள்ளிச் சீருடையின் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டாய். உன்னை யாரும் போடச் சொல்லவில்லையே, தம்பி.

1722-இல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் கொண்டுவந்த அரசுப் பதவிப் பட்டியலில் 14 படிகள், முதல் படிதான் உச்சம். உன் அப்பா எட்டாவது படி, மீஷா மூன்றாவது. எந்தப் படிக்காரரை எப்படி விளிக்க வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. ஆனால் பட்டியல் மட்டுமே காரணம் என்றால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 1883-இல் முதலில் வெளிவந்த வடிவத்தில் மீஷா உன் அப்பாவுக்கு மேலதிகாரி. 1886-இல் தொகுப்புக்காகத் திருத்தியபோது செகாவ் அந்தத் தொடர்பையே வெட்டிவிட்டார். இனி மீஷாவால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது, ஆனாலும் பயம் அப்படியே நிற்கிறது. இன்னொரு ரஷ்ய எழுத்தாளர் கோகலின் ‘மேல்கோட்டு’ கதையில் அதிகாரி காலைத் தரையில் உதைத்து அதட்டுவார், எளிய எழுத்தர் அக்காக்கி நடுங்குவார். இங்கே மீஷா, “நாம் சின்ன வயதுச் சிநேகிதர்கள், இதெல்லாம் எதற்கு?” என்றுதான் கேட்கிறார்.

சரி, மீஷா நல்லவரா? எனக்கு அவர்மேலும் கோபம்தான். அப்பாவின் பணிவைப் பார்த்து அவருக்குக் குமட்டுகிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கை நீட்டி விடைபெறுகிறார். இன்னும் இரண்டு நிமிடம் நின்று அந்தச் சிகரெட் பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அருவருப்பும் உயரத்தில் இருப்பவர்களுக்குக் கிடைத்த ஒரு வசதி.

செகாவின் தாத்தா பண்ணையடிமை. 1841-இல் பணம் கட்டித் தன் குடும்பத்தை மீட்டவர். பேரன் செகாவ் தகன்ரோக் நகரில் அப்பாவின் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவர். பதவிக்கு வணங்கப் பழக்கப்பட்ட ஓர் இளைஞன் தன்னுள் இருக்கும் அடிமையைத் துளித் துளியாகப் பிழிந்து வெளியேற்றுவதைப் பற்றி 1889-இல் பதிப்பாளர் சுவோரினுக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். அந்த இளைஞனிடம் எனக்கு உன் சாயல் தெரிகிறது.

வளர்ந்தபின் நீயும் ஏதோ ஓர் அலுவலகத்தில், ஏதோ ஒரு படியில் சேர்ந்திருப்பாய். உன்னோடு படித்தவன் ஒருநாள் எதிரே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால், அவன் பதவியைக் கேட்பதற்கு முன்னால் நீ அவனிடம் என்ன பேசினாய்? எனக்கு எழுது.

அன்புடன்,
உன் வாசக அண்ணன்