வீட்டில் தமிழ் என்றால் தமிழ் என்றே எழுதுங்கள்: கலிஃபோர்னியாவில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

கிண்டர்கார்டன் பதிவு தொடங்கியதும் ஃப்ரீமான்ட்டிலிருந்து சான் ரமோன் வரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்வி சுற்றிவரும்: "அந்த லாங்வேஜ் ஃபார்ம்ல என்ன போட்டீங்க?" பதிலும் மாறுவதில்லை: "எல்லாத்துக்கும் இங்கிலீஷ்னு போட்டுடுங்க. தமிழ்னு போட்டா ஈ.எல்.னு டேக் குத்திடுவாங்க, அப்புறம் எடுக்கவே முடியாது." (ஈ.எல். என்றால் 'ஆங்கிலம் கற்கும் பிள்ளை' என்ற பள்ளி வகைப்பாடு.) நல்லெண்ணத்தில் சொல்லும் யோசனைதான். ஆனால் இதனால் அடிபடுவது, உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான். வகுப்பறையில் மொழிப் பயிற்சி தருபவர்களும் வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளில் கற்பிப்பவர்களுமாகச் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

பள்ளிப் பதிவின்போது நிரப்பும் அந்த வீட்டு மொழிப் படிவத்தில் இருப்பது நான்கு கேள்விகள். பிள்ளை முதன்முதலில் பேசத் தொடங்கியபோது கற்ற மொழி எது? வீட்டில் பிள்ளை அதிகம் பேசும் மொழி எது? நீங்கள் பிள்ளையிடம் அதிகம் பேசும் மொழி எது? வீட்டிலுள்ள பெரியவர்கள், தாத்தா பாட்டி உட்பட, தங்களுக்குள் அதிகம் பேசும் மொழி எது? முதல் மூன்றில் ஏதாவது ஒன்றுக்கு ஆங்கிலம் அல்லாத மொழி பதிலாக வந்தால், பிள்ளைக்கு எல்பேக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வைத் தொடக்கத்தில் வைக்க வேண்டும். நான்காவதற்கு மட்டும் தமிழ் என்று வந்தால், தேர்வு வைப்பதா வேண்டாமா என்பதைப் பள்ளி விசாரித்து முடிவு செய்யலாம். ஆறு மாத விசாவில் அம்மா வந்திருக்கிறார், அவர் எல்லாரிடமும் தமிழ்தான் பேசுகிறார் என்பதற்காக மற்ற மூன்று பதில்களையும் மாற்றத் தேவையில்லை. உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். இந்தப் படிவம் கலிஃபோர்னியாவில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒருமுறைதான். ஊர் மாறினாலும் பழைய நிலை பிள்ளையோடு கூடவே வரும். டெக்ஸாஸிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வந்தால் மட்டும் இங்கே புதிதாகத் தொடங்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. தமிழ் என்று எழுதியதாலேயே யாரும் ஈ.எல். ஆவதில்லை. சேர்ந்த 30 நாளுக்குள் வைக்கும் அந்தத் தேர்வுதான் அதை முடிவு செய்கிறது. மதிப்பெண் 150 முதல் 600 வரை. 450-ம் அதற்கு மேலும் வாங்கினால் 'தொடக்கத்திலேயே சரளம்' என்று பதிவாகும். அத்தோடு கதை முடிந்தது, ஈ.எல். பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் வைக்கும் எல்பேக் தேர்வும் கிடையாது. 450-க்குக் கீழே என்றால்தான் ஈ.எல்., அதிலும் 370-க்குக் கீழே என்றால் தொடக்க நிலை. ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிள்ளை தேர்ச்சி பெற்றுவிடும் என்று நீங்கள் நம்பினால் தேர்வைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தேர்ச்சி பெறாது என்று அஞ்சினால், உதவி தேவைப்படும் பிள்ளை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். படிவத்தில் பொய் எழுத இரண்டிலும் காரணம் இல்லை.

கிண்டர்கார்டன் பிள்ளைக்கு இந்தத் தேர்வு ஒரு ஆசிரியர், ஒரு குழந்தை என்று நேருக்கு நேர் நடக்கும். மதிப்பெண்ணில் பெரும்பங்கு கேட்பதற்கும் பேசுவதற்கும்தான். ஒரு படத்தைக் காட்டி "என்ன நடக்கிறது?" என்பார்கள். இரண்டில் எது பிடிக்கும், ஏன் என்பார்கள். கதை சொல்லி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். முதலாவது, ஒற்றைச் சொல் பதில். "பிளேயிங்" என்று சொல்லி நிறுத்திவிடும். யார் விளையாடுகிறார்கள், எங்கே, எதை வைத்து என்று சொன்னால்தான் முழு மதிப்பெண். இரண்டாவது, தலையாட்டல். நம் வீட்டில் "சரி" என்று அர்த்தமாகும் அந்தப் பக்கவாட்டு ஆட்டம் தேர்வாளர் கண்ணுக்கு "இல்லை" என்றோ "தெரியவில்லை" என்றோ படலாம். மூன்றாவது, அறிமுகமில்லாத பெரியவர் முன் பேசாமல் இருப்பதே மரியாதை என்று பழகிய பிள்ளை. இவற்றுக்கு விடைகளை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள், அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். "ஒரு டீச்சர் தனியா கூப்பிட்டுப் படம் காட்டுவாங்க, உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லலாம், தெரியலைன்னா தெரியலைன்னு வாயால சொல்லு" என்று முந்தின நாள் சொல்லி அனுப்பினால் போதும். உச்சரிப்பு தமிழ் வாசத்தோடு இருப்பதற்கு மதிப்பெண் குறையாது, சொல்வது புரிய வேண்டும், அவ்வளவே.

முடிவு உங்களுக்குத் தவறாகத் தோன்றினால் வகைப்படுத்தலை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் ஒருமுறைதான், அதுவும் முதல் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே. ஆண்டுத் தேர்வு பிப்ரவரி 1-இல் தொடங்கிவிடும். எனவே முடிவுக் கடிதம் கைக்கு வந்த வாரமே எழுதிக் கேளுங்கள். அதைவிட்டுத் தேர்வு முடிந்த பிறகு படிவத்தைத் திருத்திக் கொடுத்தால் எந்தப் பயனும் இல்லை.

இனி, எல்லாவற்றுக்கும் 'ஆங்கிலம்' என்று எழுதிய வீட்டின் கதைக்கு வருவோம். கிண்டர்கார்டனில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பாட்டு, வண்ணம், எண் எல்லாம் வந்துவிடும். இரண்டாம் வகுப்பு தாண்டும்போது பாடம் தடித்துவிடும். பிள்ளை எழுத்துக்கூட்டி வேகமாகப் படிக்கும், படித்தது என்ன என்று கேட்டால் விழிக்கும். எழுதினால் "ஃபைவ் கேட்", "ஐ புட் புக் இன் பேக்". தமிழில் "அஞ்சு பூனை" என்றால் போதும், பன்மை விகுதி கட்டாயமில்லை. 'ஏ', 'தி' போன்ற சொற்கள் தமிழில் இல்லவே இல்லை. மீனை "பிஷ்" என்று சொல்லும், தமிழ் எழுத்திலேயே அந்த ஒலிக்கு இடம் கிடையாது, ஆய்தத்தைக் கடன்வாங்கித்தான் எழுதுகிறோம். மொழி தெரிந்தவர் பார்த்தால் இவை ஒவ்வொன்றும் தமிழிலிருந்து நடந்துவரும் பிள்ளையின் இயல்பான கால்தடம்.

ஆனால் ஆசிரியர் கோப்பைத் திறந்தால் 'வீட்டு மொழி: ஆங்கிலம்' என்றிருக்கிறது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டில் வளர்ந்த எட்டு வயதுப் பிள்ளை இப்படிப் பேசினால் என்ன நினைப்பார்? பேச்சுக் குறைபாடா, கற்றல் குறைபாடா என்றுதான் நினைப்பார். மதிப்பீட்டுக்கு அனுப்புவார். மாற்றுத்திறன் கல்விக்கான கூட்டாட்சிச் சட்டப்படி மதிப்பீட்டைப் பிள்ளையின் தாய்மொழியைக் கருத்தில் கொண்டு நடத்த வேண்டும். அந்த மொழி எது என்பதற்குப் பள்ளியிடம் உள்ள முதல் சான்றே நீங்கள் கையெழுத்திட்ட அந்தப் படிவம்தான். தலைகீழாகவும் நடப்பதுண்டு. உண்மையிலேயே குறைபாடுள்ள பிள்ளையை "ரெண்டு மொழி கேட்டு வளருது, போகப்போகச் சரியாகிடும்" என்று விட்டுவிடுவார்கள். எது மொழிப் பழக்கம், எது குறைபாடு என்று பிரித்துப் பார்க்க, தமிழில் அந்தப் பிள்ளை எப்படிப் பேசுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் வழி.

'டேக்' மேல் உள்ள பயம் எங்கிருந்து வந்தது? காரணமில்லாமல் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகள் தொடுத்த லாவ் வழக்கில், எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்று கொடுத்துவிட்டு மொழி புரியாத பிள்ளையை உட்காரவைத்தால் அது சமத்துவம் ஆகாது என்று 1974-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்படிக் கற்பிப்பது என்று அது சொல்லவில்லை. சண்டை அங்கேதான் தொடங்கியது. 1998-இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் 61 சதவீத ஆதரவோடு 227-ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். வழக்கமாக ஓராண்டைத் தாண்டாத தீவிர ஆங்கிலப் பயிற்சி, பிறகு பொது வகுப்பு. தண்ணீரில் தள்ளிவிட்டால் தானாக நீந்தும் என்ற கணக்கு. இருமொழி வகுப்பில் இருந்த ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் ஏறக்குறைய 30 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தார்கள். 2006-இல் வந்த ஐந்தாண்டு ஆய்வு, ஒரு முறை மற்றதைவிடச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்லச் சான்றில்லை என்று முடித்தது. 2016-இல் 58-ஆம் முன்மொழிவு 73 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு பெற்று அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியது.

எந்தப் பக்கம் நின்றாலும் ஓராண்டுக் கணக்கை மட்டும் எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது. விளையாட்டு மைதான ஆங்கிலம் சீக்கிரம் வந்துவிடும். "ஆகையால்", "இருந்தபோதிலும்" என்று தொடங்கும் பாடநூல் ஆங்கிலம் கைவர 4 முதல் 7 ஆண்டுகள் ஆகும். பிள்ளை அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிறது என்பதைப் பார்த்து ஏமாறுவது பெற்றோர் மட்டுமல்ல, ஆசிரியர்களும்தான்.

"ஸ்கூலுக்குக் காசு வருது, அதான் டேக் குத்துறாங்க" என்ற பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. 2013 முதல் உள்ள நிதி முறையில் ஈ.எல்., குறைந்த வருமானம், வளர்ப்புப் பராமரிப்பு ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில் வரும் பிள்ளைக்கு அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதல். மூன்றிலும் வந்தாலும் கணக்கு ஒன்றுதான். சிலிக்கான் பள்ளத்தாக்கின் சில பணக்கார டிஸ்ட்ரிக்ட்களில் (பள்ளி மாவட்டங்களில்) சொத்து வரியிலேயே நிதி நிரம்பிவிடுவதால் இந்தக் கூடுதல் தொகை அங்கே புதிதாக வந்து சேர்வதும் இல்லை. பணம் வரும் இடத்தில் "வருகிறதா?" என்று கேட்பதைவிட "எங்கள் பிள்ளைகளுக்கு அதில் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் பயன்.

உண்மையான சிக்கல் உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில் இருக்கிறது. அதற்கு ரீக்ளாசிஃபிகேஷன் என்று பெயர். நான்கு நிபந்தனைகள்: ஆண்டு எல்பேக்கில் ஒட்டுமொத்தமாக 4-ஆம் நிலை (அதுதான் உச்ச நிலை), ஆசிரியர் மதிப்பீடு, உங்கள் கருத்து, அடிப்படைத் திறனில் அதே வயது ஆங்கிலத் தாய்மொழிப் பிள்ளைகளோடு ஒப்பீடு. முதலாவது மாநிலம் முழுக்க ஒன்றே. நான்காவதற்கு எந்தத் தேர்வு, எவ்வளவு மதிப்பெண் என்பதை ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தானே வைத்துக்கொள்கிறது. ஒரு தெரு தள்ளி இருந்தால் வெளியே வந்திருக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொண்டிருப்பது இதனால்தான். சில இடங்களில் கோட்டை எவ்வளவு உயரத்தில் போட்டிருப்பார்கள் என்றால், அதே வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகளில் பலர் அதைத் தாண்ட மாட்டார்கள். எனவே அக்டோபர் ஆசிரியர் சந்திப்பிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: "நான்காவது நிபந்தனைக்கு இந்த வகுப்புக்கு எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண்?"

மூன்றாம் வகுப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதுவரை பக்கத்தில் ஆள் உட்கார்ந்து நடத்திய தேர்வு, அங்கிருந்து கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றுக்கும் கணினி முன்னால் கூட்டமாக நடக்கும். பேச்சுமொழியில் (கேட்டல், பேசுதல்) 4 வாங்கும் பிள்ளை எழுத்துமொழியில் (வாசித்தல், எழுதுதல்) 2 வாங்கி மொத்தத்தில் 3-இல் நிற்கும். ஒட்டுமொத்த எண்ணைப் பார்த்து மனம் நொந்து பயனில்லை, நான்கு திறன்களையும் தனித்தனியாகப் பாருங்கள். எது இழுக்கிறது என்று தெரிந்தால்தான் எதில் உதவி கேட்பது என்று தெரியும். ஆறு ஆண்டுக்கு மேல் ஈ.எல்.லாகவே நீடித்தால் நடுநிலைப் பள்ளியில் இசையோ ஓவியமோ எடுக்க வேண்டிய நேரத்தில் மொழி வகுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். வெளியே வந்த பிள்ளைகள் மாநிலத் தேர்வில் ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர்களையே முந்துவதுண்டு. (நன்றாகப் படித்தவர்கள்தான் வெளியே வர முடிகிறது என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பிக் கொண்டாடவும் வேண்டாம்.)

உள்ளே இருக்கும்வரை பிள்ளைக்குச் சேரவேண்டியது ஈ.எல்.டி. எனப்படும் தனி மொழி நேரம். எத்தனை நிமிடம் என்று மாநிலம் சொல்லவில்லை, தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் அரை மணி. எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். "எல்லாப் பாடத்திலும் கலந்தே சொல்லிக்கொடுக்கிறோம்" என்பது மட்டும் பதிலாக இருந்தால், தனி நேரம் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம். அறிவியல் வகுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு போனால் மறுத்துப் பேசுங்கள். அந்த அரை மணியில் பின்தங்கிய வாசிப்புக்கான பொதுப் பயிற்சித் தாளை நிரப்பவைத்தால் அதுவும் தவறு. வாக்கியம் கட்டுவது, காரணம் சொல்வது, ஒப்பிடுவது என்று பேசவைக்கும் நேரம் அது. திட்டத்தை வேண்டாமென்று மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் ஈ.எல். நிலையும் ஆண்டுத் தேர்வும் அதனால் போகாது. மறுத்தால் உதவி மட்டும்தான் போகும்.

வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தேர்வில் கேட்பது படத்தை விவரிப்பது, கதையைத் திருப்பிச் சொல்வது, கருத்துக்குக் காரணம் சொல்வது. இவை மூன்றும் முதலில் நன்றாகத் தெரிந்த மொழியில் பழகுபவை. "ஏன்?" என்று கேட்டால் "ஏன்னா..." என்று இரண்டு வாக்கியம் தமிழில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு 'பிகாஸ்' ஒரு சொல் மட்டும்தான் புதிது.

58-ஆம் முன்மொழிவு தந்த ஒரு வசதியை நம்மவர்கள் தொட்டே பார்ப்பதில்லை. ஒரே பள்ளியில் 30 பிள்ளைகளின் பெற்றோர், அல்லது ஒரே வகுப்பு நிலையில் 20 பிள்ளைகளின் பெற்றோர், ஒரு மொழித் திட்டம் வேண்டுமென்று கேட்டால், முடியுமா முடியாதா என்று பள்ளி ஆராய்ந்து 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். தமிழாசிரியர் தகுதிச் சான்றோடு கிடைப்பது கடினம், பதில் "முடியாது" என்று வரவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் கோரிக்கைகளை மூன்று ஆண்டு கோப்பில் வைத்திருக்க வேண்டும். கோப்பில் தமிழ் என்ற சொல்லே இல்லாத டிஸ்ட்ரிக்ட்டில் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பதற்குச் சான்றே இல்லை. படிவத்தில் எல்லாரும் ஆங்கிலம் என்று எழுதினால் அந்தக் கணக்கும் பூஜ்யம்தான்.

கடைசியாக, 21 அல்லது அதற்கு மேற்பட்ட ஈ.எல். பிள்ளைகள் உள்ள பள்ளியில் பெற்றோர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் முழுக்க 51 அல்லது அதற்கு மேல் என்றால் டிஸ்ட்ரிக்ட் அளவிலும் ஒன்று. நாங்கள் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்க வேண்டிய இடம் அதுதான். ஒரு மொழி பேசுவோர் பள்ளியில் 15 சதவீதம் இருந்தால்தான் அறிவிப்புகளை அந்த மொழியில் அனுப்பும் கடமை வரும், எனவே தமிழில் கடிதம் வருமென்று காத்திருக்காதீர்கள். கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் ஒரு வாரம் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். அதில் 'தமிழ்' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'இந்திய மொழி' என்று மட்டும் எழுதினால் இந்தி பேசுபவர் ஒருவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

அன்புடன்,
பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கற்பிக்கும் உங்கள் அக்கம்பக்கத்தார்