ஏலத்துக்குப் போகும் டொமைன்கள்: ஐகான் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

டொமைன் எனப்படும் இணைய முகவரிப் பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் இயக்குநர் குழுவினருக்கு வணக்கம்.

சின்னப் பள்ளிகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் இணையதளம் பராமரித்துக் கொடுப்பது என் வேலை. டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க மறந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்றுதான். உங்கள் விதிகளைப் படித்த பிறகும் அதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

2013 முதல் நடப்பில் உள்ள உங்கள் மீட்புக் கொள்கைப்படி, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் வர வேண்டும். காலாவதியான 5 நாட்களுக்குள் இன்னொன்றும் வர வேண்டும். டொமைன் பெயர் பதிவிலிருந்து நீக்கப்பட்டால், அதை மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. சரி, ஆனால் நல்ல விலை போகக்கூடிய பெயரை, டொமைன்களைப் பதிவுசெய்து தரும் பல நிறுவனங்கள் நீக்குவதே இல்லை. காலாவதிக்குப் பிந்தைய 45 நாள் சலுகைக் காலத்துக்குள்ளேயே ஏலம் விட்டு, எடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். நீக்கமே நடக்காதபோது அந்த 30 நாள் எங்கிருந்து தொடங்கும்?

நமக்கு நினைவூட்ட வேண்டிய நிறுவனத்துக்கே, நாம் மறந்தால்தான் லாபம். இந்த ஏற்பாட்டை நீங்கள் எப்படி ஏற்றுக்கொண்டீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

நினைவூட்டல் போகும் இடத்தையும் பாருங்கள். பள்ளி அலுவலகத்தின் மின்னஞ்சல் பெரும்பாலும் அதே டொமைனில்தான் இருக்கும். டொமைன் முடங்கினால் அஞ்சலும் முடங்கும். கடைசி எச்சரிக்கை யார் கைக்கும் வராது. டொமைனை ஏலத்தில் வாங்கியவர் அஞ்சல் வசதியை மறுபடி திறந்தால், பழைய முகவரிகளுக்கு வரும் கடிதங்கள் அவரிடம் போகும். வங்கி அறிவிப்பு, பெற்றோர் அனுப்பும் சான்றிதழ், கடவுச்சொல் மாற்றும் இணைப்பு எல்லாம் அதில் அடக்கம்.

2024 மார்ச்சில் கூகுள் காலாவதி டொமைன் முறைகேட்டைத் தன் ஸ்பேம் விதிகளில் சேர்த்தது. அது காட்டிய உதாரணங்களில் ஒன்று, முன்பு தொடக்கப் பள்ளியின் தளமாக இருந்த முகவரியில் சூதாட்டம் சார்ந்த உள்ளடக்கம். ஒரு தேடுபொறி கவலைப்படும் அளவுக்கு இது வளர்ந்துவிட்டது. பறிகொடுத்தவர் உங்கள் தகராறுத் தீர்வு முறைக்குப் போகலாம் என்பீர்கள். அதற்கு வணிகக்குறி உரிமை இருக்க வேண்டும். இந்தத் தகராறுகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரே நடுவர் என்றாலும் கட்டணம் 1,500 டாலர். கிராமத்துப் பள்ளி அந்தப் பணத்துக்கு எங்கே போகும்?

உரிமையாளர் உண்மையிலேயே கைவிட்ட பெயரை வாங்கி விற்பவர்கள் மீது எனக்குக் குறையில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். ஏலத்தில் விற்ற பெயருக்கும் நீக்கிய பெயருக்கு உள்ள அதே 30 நாள் மீட்பு உரிமை வேண்டும். அந்த டொமைனைச் சாராத இரண்டாவது தொடர்பு முகவரியை, அலைபேசி எண்ணாக இருந்தாலும் சரி, பதிவின்போதே கட்டாயமாக வாங்க வேண்டும். ஏலத்துக்குப் போடும் அன்றே, "உங்கள் பெயர் விற்பனைக்கு வந்துவிட்டது" என்று அந்த இரண்டாவது தொடர்புக்குத் தகவல் போக வேண்டும். மீட்புக் கொள்கையை அடுத்து நீங்கள் திருத்தும்போது இந்த மூன்றையும் அதில் எழுதுங்கள்.