குளிர்கடலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஐஸைப் பற்றிச் சொல்லி அனுப்புங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்மாவட்ட இளைஞர்கள் வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கு வேலைக்குப் போவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், விசா, ஏஜென்ட் கமிஷன், ஏமாந்தவர்களின் கதை எல்லாம் விவரமாக இருந்தது. வேலை எந்தக் கடலில், எந்த மாதத்தில் என்பது மட்டும் விடுபட்டுவிட்டது. நார்வே, ஐஸ்லாந்து, அலாஸ்கா பக்கம் குளிர்காலத்தில் படகேறுகிறவன் அலைக்கும் காற்றுக்கும் எவ்வளவு பயப்பட வேண்டுமோ, அவ்வளவு படகின் மேல் உறையும் ஐஸுக்கும் பயப்பட வேண்டும். இதை யாரும் அவனுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் திருமங்கலத்துக்காரன். மீன் ஏற்றும் குளிர்பதனக் கப்பல்களில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். அலாஸ்காவில் டச் ஹார்பர் துறைமுகத்தில் எங்கள் கப்பல் சரக்கு ஏற்றிக்கொண்டு நிற்கும்போது, கடலில் இருந்து திரும்பும் படகுகளைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். விரல் பருமன் கம்பி தொடை பருமனுக்கு வெள்ளையாக வீங்கியிருக்கும். வலை இழுக்கும் வின்ச் இயந்திரம் எது, கப்பி எது என்று அடையாளம் தெரியாது. மரச்சுத்தியலால் அடித்து அடித்து ஐஸைத் தள்ளிக்கொண்டேதான் ஆட்கள் கரைக்கு வந்து சேருவார்கள்.

என் அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் முடித்தவன். நார்வே பக்கம் படகுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவன், “கடல் தண்ணி உப்பாச்சே மாமா, அது எப்படி உறையும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. மார்கழியில்கூட இருபது டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊர் நம்முடையது. ஜனவரியில் கொடைக்கானல் போனவன் புல்வெளியில் உறைபனி பார்த்திருப்பான், அவ்வளவுதான். கடல் தண்ணீரும் உறையும். உப்பு இருப்பதால் பூஜ்ஜியத்தில் உறையாமல் மைனஸ் 1.9 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. ஆபத்து வருவதற்குக் கடலே உறைந்துகிடக்க வேண்டும் என்பதில்லை. கடல் உறையாமல் இருக்கும், காற்று மட்டும் மைனஸ் பத்து, பதினைந்தில் வீசும். படகின் முன்பக்கம் அலையில் மோதித் தெறிக்கும் தண்ணீரைக் காற்று அள்ளிக்கொண்டு வரும். வரும் வழியிலேயே துளி குளிர்ந்துவிடும். இரும்பில் பட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு உறையும். அடுத்த அலை அதன் மேல் இன்னொரு படலம். ராத்திரி முழுக்க இது நடந்தால் காலையில் படகின் எடையே வேறு.

அந்த எடைக்கு ஒரு கணக்கு உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் நிலைத்தன்மை விதிகள் (படகு கவிழாமல் நிற்பதற்கான விதிகள்), ஐஸ் பிடிக்கும் கடல்களில் போகும் மீன்பிடிப் படகின் திறந்த டெக்கில் (மேல்தளத்தில்) சதுர மீட்டருக்கு 30 கிலோ ஐஸ் ஏறும் என்று வைத்துக் கணக்குப் போடச் சொல்கின்றன. நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் பக்கவாட்டுப் பரப்புக்குத் தனியாகச் சதுர மீட்டருக்கு 7.5 கிலோ. 20 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள டெக் என்றால் 3,600 கிலோ. நம் ஊர் அரிசி மண்டியில் இருந்து 25 கிலோ சிப்பம் 144 ஏற்றிய மாதிரி. இத்தனைக்கும் ஐஸின் கனம் மூன்று, மூன்றரை சென்டிமீட்டர்தான். நிஜத்தில் இதைவிட அதிகமாகவும் ஏறும். சரக்கு என்றால் அடியில் அடுக்குவோம். ஐஸோ படகோட்டும் அறையான வீல்ஹவுஸின் கூரை, பாய்மரக் கம்பம், ஆன்டெனா, கம்பி வடம் என்று மேலே மேலே பிடிக்கும். காற்று ஒரு பக்கமாக அடித்தால் அந்தப் பக்கம் மட்டும் கனத்துப் படகு சாயத் தொடங்கும். புதுப் பையன் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: சாய்ந்த படகு சட்டென்று நிமிராமல், கடைசியில் கொஞ்சம் தயங்கி நின்று மெதுவாகத் திரும்பினால், மேல்பாரம் கூடிவிட்டது. உடனே கேப்டனிடம் சொல்ல வேண்டும். அந்தச் சொகுசான மெதுவான ஆட்டத்தைப் பார்த்துக் கடல் அடங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

2017 பிப்ரவரியில் ‘டெஸ்டினேஷன்’ என்ற நண்டுப் படகு அலாஸ்காவின் செயின்ட் ஜார்ஜ் தீவருகே ஆறு பேரோடு மூழ்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை. தெறிநீர் உறையும் என்ற வானிலை எச்சரிக்கை இருந்த நாள் அது. 2019 டிசம்பர் 31 இரவு ‘ஸ்காண்டீஸ் ரோஸ்’ மூழ்கியபோது ஏழு பேரில் இருவர்தான் பிழைத்தார்கள். அடுக்கிவைத்த நண்டுக் கூண்டுகளின் கம்பியிலும் வலையிலும் உள்ளுக்குள் எவ்வளவு ஐஸ் பிடிக்கும் என்பது வழக்கமான கணக்கில் சரியாக வராது என்பது அந்த விசாரணையில்தான் பெரிதாகப் பேசப்பட்டது. கூண்டானாலும் வலையானாலும் ஒவ்வொரு கண்ணியும் ஐஸ் பிடிக்கும் இடம். அதனால் பயன்படுத்தாத வலையையும் கயிற்றையும் டெக்கில் விடாமல் கீழே இறக்கி வைக்க வேண்டும். முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். தார்ப்பாயில் பிடித்த ஐஸைத் தட்டி உதறிவிடலாம். வலைக்குள் பிடித்ததை ஒன்றும் செய்ய முடியாது.

இன்ஜினியர் என்பதால் இயந்திரங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். டெக் கழுவும் ஹோஸில் தண்ணீரைத் தேங்க விடக் கூடாது. உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். இரும்புக் குழாயே பிளந்துவிடும். ஒன்று, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் வால்வை மூடி, இருப்பதிலேயே தாழ்வான இடத்தில் உள்ள திருகைத் திறந்து கடைசிச் சொட்டுவரை வடித்துவிட வேண்டும். பாதி வடித்தது வடிக்காததற்குச் சமம். வளைவில் நிற்கும் ஒரு கைப்பிடித் தண்ணீர் போதும். தீயணைப்புக் குழாய்க்கும் இதேதான், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வின்ச்சில் குளிர்நாட்டுக்கான ஹைட்ராலிக் எண்ணெய் இருக்கிறதா என்று கரையிலேயே கேட்க வேண்டும். சாதாரண எண்ணெய் கெட்டியாகிவிடும். அந்த நிலையில் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் இழுத்தால், எண்ணெய் கசியாமல் அடைக்கும் சீல் போய்விடும். சுமை ஏற்றாமல் கொஞ்ச நேரம் மெதுவாகச் சுற்றவிட்டு, குழாயைத் தொட்டால் இளஞ்சூடு தெரிந்த பிறகுதான் வலையை இழுக்க வேண்டும். லீவர் இருக்கும் பெட்டிக்குக் கேன்வாஸ் உறை போட்டு வைப்பது நல்லது.

அப்புறம், நம் மெக்கானிக் பையன்கள் எதிர்பார்க்காத ஒன்று. உறைகுளிரில் இன்ஜின் சூடேறும். கூழாக மிதக்கும் ஐஸ், கடல் தண்ணீரை உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துவிடும். குளிர்விக்கத் தண்ணீர் வராது. வெளியே மைனஸ் பத்து, உள்ளே இன்ஜின் கொதிக்கும். இன்ஜினைக் குளிர்வித்துவிட்டு வரும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சத்தை வடிகட்டிப் பக்கம் திருப்பிவிட வசதி இருக்கிறதா என்று ஏறிய அன்றே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐஸை உடைப்பதிலும் முறை உண்டு. கரிமேடு மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அடிக்கத் தெரியும், எங்கே முதலில் அடிப்பது என்று தெரியாது. உயிர்காப்பு மிதவை, கதவுகள், டெக்கில் ஏறும் தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள், இவைதான் முதலில். பிறகு உயரத்தில் இருப்பது, பிறகு கீழே. இரண்டு பக்கமும் சமமாக உடைத்துக்கொண்டு வர வேண்டும். மரச்சுத்தியல்தான் சரி. கோடரி கம்பி வடத்தைக் காயப்படுத்தும். கேப்டன் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைத்து, தெறிப்பு குறையும் திசைக்குப் படகைத் திருப்பி, தீவு மறைவுக்குள் போவது. அது நம் பையன் கையில் இல்லை.

அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் தீயணைப்பும் முதலுதவியும் சொல்லித் தருகிறார்கள், நீச்சல் குளத்தில் உயிர்காப்பு மிதவை ஏறவும் பழக்குகிறார்கள். நல்ல பயிற்சிதான். ஆனால் என் அக்கா மகனுக்கும் அவனோடு படித்தவர்களுக்கும் ஐஸைப் பற்றி ஒரு மணி நேரம்கூட யாரும் பேசவில்லை. மீன்வளத் துறையும் பயிற்சி நிலையங்களும் ஒரு பாடமாக இதைத் தமிழில் சேர்க்க வேண்டும். கேட்டால் நடக்கும். 1968 ஜனவரி, பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹல் நகரத்துப் படகுகள் மூன்று அடுத்தடுத்து மூழ்கி 58 பேர் இறந்தார்கள். அதில் ஒன்றான ‘ராஸ் கிளீவ்லேண்ட்’ ஐஸ்லாந்தின் வளைகுடாவுக்குள்ளேயே ஐஸ் பாரத்தோடும் புயலோடும் போராடிக் கவிழ்ந்தது. அந்த ஊர்ப் பெண்கள் லில்லியன் பிலோக்கா என்ற மீனவர் மனைவியின் தலைமையில் தெருவில் இறங்கி, லண்டன் வரை போய் மந்திரிகளிடம் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு படகிலும் ரேடியோ ஆபரேட்டர், கடலில் துணைக் கப்பல் எல்லாம் வந்தன.

பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் ஏஜென்டிடம் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள்: எந்தக் கடல், எந்த மாதம், படகு எத்தனை மீட்டர், குளிர்கால உடையும் கையுறையும் யார் தருகிறார்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

மதுரை வட்டாரத்தில் எந்த ஐ.டி.ஐ.யோ பயிற்சி நிலையமோ கூப்பிட்டாலும், வந்து பாடம் நடத்தத் தயாராக இருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். கரும்பலகை ஒன்று போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.