செயலாளர் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, இந்தப் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் 19 உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வந்தவர்களை எண்ணிச் சொல்வது எனக்கு இந்த ஓராண்டில் வந்த பழக்கம். அதற்கான காரணம் இந்த அறிக்கைக்குள்ளேயே இருக்கிறது.

நம் இசைத்தட்டு ரசிகர் வட்டத்துக்கு இது ஒன்பதாவது ஆண்டு. உறுப்பினர்கள் 41 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் 5 பேர், விலகியவர்கள் 2 பேர். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, தில்லைநகர் மேல்மாடி அறையில் 11 கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. செயற்குழு 4 முறை கூடியது.

ஏப்ரலில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963-ஆம் ஆண்டு சுப்ரபாத எல்.பி. தட்டை (நெடுநேரம் ஒலிக்கும் பெரிய தட்டை) கேட்டோம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி வழியாக அரைத்தூக்கத்தில் கேட்டதை, உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்டபோது 22 பேரும் அசையாமல் இருந்தார்கள். மே மாதம் வெயில் காரணமாகக் கூட்டம் மாலை 6.30 மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. நாகூர் ஹனீபா பாடல்கள், 18 பேர். ஜூனில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய 78 சுழற்சித் தட்டில், 15 பேர். அக்டோபரில் சிதார் ரவிசங்கரும் வயலின் மெனுஹினும் சேர்ந்து வாசித்து கிராமி விருது பெற்ற 1967-ஆம் ஆண்டுத் தட்டு, 12 பேர். பிப்ரவரியில் மைல்ஸ் டேவிஸின் ஜாஸ் ஆல்பம் ‘கைண்ட் ஆஃப் புளூ’, 8 பேர். மார்ச்சில் கேசட் பராமரிப்பு விளக்கம், 14 பேர்.

2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். ஜனவரி கூட்டத்தை அவருக்கு அஞ்சலியாக்கி, ‘சக்தி’ குழுவின் 1976-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தைப் போட்டோம். ஜான் மெக்லாக்லினின் கிடாருக்கும் எல். சங்கரின் வயலினுக்கும் நடுவில், ஜாகிரின் தபலாவும் விநாயக்ராமின் கடமும் கேள்வியும் பதிலுமாகப் போகும் இடத்தில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். 27 பேர் வந்திருந்தார்கள். நன்றாக நடந்த கூட்டம்.

இனி, நான் விரிவாகப் பேச வேண்டிய செய்தி.

கடந்த ஆண்டு ஜூன் மாதம் பெரிய அளவு நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, ‘பரிந்துரை ஏடு’ என்று அட்டையில் எழுதி, தட்டு அலமாரியின் மேல் வைத்தேன். ஓர் ஆல்பத்தைப் பிறர் கேட்க வேண்டும் என்று நினைப்பவர் அதன் பெயரையும், ஏன் முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும் என்பதையும் அதில் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எழுதுவதற்கு முன் அவர், ஏட்டில் வேறொருவர் சொன்ன ஆல்பம் ஒன்றை முழுவதும் கேட்டு, அதைப் பற்றி நான்கு வரி எழுதியிருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்று செயற்குழுவில் கேட்டார்கள். அப்போது சரியாகச் சொல்ல வாய்க்கவில்லை. இப்போது சொல்கிறேன். எண்பதுகளில் நான் மாணவனாக இருந்தபோது, வெற்று கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிவு செய்து கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. நான் வழக்கமாகப் போகும் கடைக்காரர், பட்டியல் முடிந்த பிறகு நாடாவில் இரண்டு மூன்று நிமிடம் மிச்சமிருந்தால் அதை வீணாக விடமாட்டார். தனக்குப் பிடித்த ஒன்றைப் போட்டு நிரப்பிவிடுவார். அப்படித்தான் ஒரு கேசட்டின் வால்பகுதியில், நான் கேட்டிராத, கேட்கவும் நினைத்திராத மாண்டலின் ஒலி வந்தது. பாதியிலேயே நாடா முடிந்துவிட்டது. யார் வாசித்தது என்று அறிய மறுநாள் கடைக்கு ஓடினேன். யு. ஸ்ரீனிவாஸ் என்ற சிறுவன் என்றார். அந்தக் கடைக்காரர் என்னிடம் எதையும் விற்க முயலவில்லை. என் பட்டியலை முழுக்கக் கேட்டிருந்ததால், இவனுக்கு இது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறர் விரும்பியதைப் பொறுமையாகக் கேட்டவருக்குத்தான் பிறருக்கு எதைத் தருவது என்று தெரியும். ஏட்டின் நிபந்தனை அவரிடமிருந்து வந்தது. ஸ்ரீனிவாஸ் மறைந்த பத்தாம் ஆண்டை ஒட்டி, செப்டம்பர் கூட்டத்தை அவருடைய வாசிப்புக்கு ஒதுக்கியதும் அந்தக் கடனைத் தீர்க்கத்தான். 16 பேர் வந்தீர்கள். அவர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

ஆகஸ்ட் செயற்குழுவில் “இது என்ன பள்ளிக்கூடமா?” என்ற கேள்வி எழுந்தது. நிபந்தனை வேண்டுகோளாக மாற்றப்பட்டது. பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டேன். விளைவைப் பதிவு செய்வது என் கடமை. மார்ச் 31 வரை ஏட்டில் 64 பரிந்துரைகள் உள்ளன. கேட்டு எழுதிய குறிப்புகள் 23. அவற்றில் 11 நான் எழுதியவை. ஆறு குறிப்புகளை திருவெறும்பூரிலிருந்து வரும் நம் மூத்த உறுப்பினரும், நான்கை நம் கல்லூரி மாணவி உறுப்பினரும் எழுதினார்கள். மீதமுள்ள 38 பேரும் சேர்ந்து எழுதியவை இரண்டு.

ஜூலை கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மூத்த உறுப்பினருக்கு 78 வயது. அவர் பரிந்துரைத்தது 1967-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’. சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார். காஷ்மீரப் பள்ளத்தாக்கில் ஓர் இடையனின் ஒரு நாள் விடியலிலிருந்து இரவு வரை செல்வதை, அந்தந்தப் பொழுதுக்குரிய ராகங்களாக அடுக்கிய தட்டு அது. விடியலுக்கு ஆஹிர் பைரவ்; நம் காதுக்கு அது சக்கரவாகம். பொழுது சாயச் சாய பூப் வருகிறது. அது நம் மோகனம். இரவில் பஹாடியில் முடிகிறது. இதில் நடுவிலிருந்து ஒன்றை உருவிக் கேட்டால் மதியத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த நாளைப் பார்த்ததாகச் சொல்வது போலாகும். மொத்தம் 40 நிமிடம்தான். பெரியவர் அன்று இரண்டு பஸ் மாறி, தட்டைத் துணிப்பையில் செங்குத்தாகப் பிடித்தபடி வந்தார். ராகங்களைப் பற்றி மூன்று பக்கம் குறிப்பு எழுதி, 25 பிரதி எடுத்து வந்திருந்தார். கேட்க வந்தவர்கள், அவரையும் என்னையும் சேர்த்து, 6 பேர். மிஞ்சிய பிரதிகளை அவர் திரும்பப் பைக்குள் வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று வராத பலர் பிறகு, “எனக்கு அனுப்பிவிடுங்கள், வீட்டில் கேட்டுக்கொள்கிறேன்” என்றார்கள். வீட்டில் கேட்டதாக ஏட்டில் ஒரு வரி கூட இல்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் மாணவி. அடுத்த மாதம் அவர் பரிந்துரைத்தது இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் யோகான் செபாஸ்டியன் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தொகுப்பு, வயலின் வி.எஸ். நரசிம்மன். பெரியவர் திரையிசை அமைப்பாளர்களின் பக்கம் அதிகம் போகாதவர். ஆனாலும் வந்தார், முழுக்கக் கேட்டார், ஏட்டில் இரண்டு பக்கம் எழுதினார். ‘தந்திகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகின்றன, ஆனால் ஒன்றும் மற்றொன்றை மிதிக்கவில்லை, இத்தனை ஆண்டு இதைக் கேட்காமல் இருந்தது என் பிழை’ என்பது அதில் ஒரு வரி. மாணவி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். இந்த வட்டம் எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன். அந்தக் கூட்டத்துக்கு 9 பேர் வந்திருந்தார்கள். கடந்த மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, நம் உறுப்பினர்கள் ஒரு வாரம் முழுவதும் பெருமையோடு பேசினார்கள். பெருமை நியாயமானது. அவரே 39 ஆண்டுகளுக்கு முன் போட்டு வைத்த பாதையை நம் அறையிலேயே உட்கார்ந்து கேட்க வாய்ப்பு இருந்தது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

நவம்பர் கூட்டம் ‘ஆளுக்கொரு தட்டு’ நாள். 31 பேர் வந்தார்கள். ஆண்டின் மிகப் பெரிய கூட்டம். ஆளுக்கு 5 நிமிடம், சீட்டுக் குலுக்கி வரிசை. தன் முறை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இரவு 8 மணிக்குக் கடைசிச் சீட்டுக்காரரின் முறை வந்தபோது அவரைத் தவிர அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அவர் அந்த மாதம்தான் சேர்ந்த உறுப்பினர். தன் தாயார் வைத்திருந்த பித்துக்குளி முருகதாஸ் கேசட்டைக் கொண்டு வந்திருந்தார். அழுத்துப் பஞ்சு கழன்றுபோன அந்த கேசட்டை, முந்தைய வாரம் என்னிடம் கேட்டுத் தானே ஒட்டிச் சரிசெய்திருந்தார். நாற்காலிகள் காலியாக இருப்பதைப் பார்த்து, “பரவாயில்லை ஐயா, இன்னொரு நாள் போடலாம்” என்றார். நாங்கள் நால்வரும் வற்புறுத்திப் போடச் செய்தோம். அதன் பிறகு அவர் வரவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன். தன் தட்டைப் போட 31 பேர் வருகிறோம், பிறர் தட்டைக் கேட்க 6 பேர் வருகிறோம் என்றால், நாம் பரிமாறிக்கொள்வது இசையை அல்ல. இதை யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. அன்று எழுந்து போனவர்களில் என் நெருங்கிய நண்பர்களும் உண்டு.

இரவல் தட்டுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே சென்ற தட்டுகளில் 7 இன்னும் திரும்பவில்லை. திரும்பிய ஒன்று மே மாத வெயிலில் காரின் பின் இருக்கையில் கிடந்து அப்பளமாக வளைந்து வந்தது. 78 சுழற்சித் தட்டுக்கான ஊசிமுனை தடிமனானது, எல்.பி.க்கானது மெல்லியது, முனையைத் திருப்பாமல் போட்டதால் இன்னொரு எல்.பி.யின் முதல் பக்கம் முழுவதும் இரைகிறது. தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்க வேண்டாம், ஈரத்துணி நடு லேபிளில் படவேண்டாம் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் கடன் இல்லை. சொல்லிக்கொள்ளும்படி கையிருப்பும் இல்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 24 பேர் செலுத்தினார்கள். 17 பேர் நிலுவை, அவர்களில் 5 பேருக்கு மூன்றாண்டு நிலுவை. பெயர்களை வாசிக்கப் போவதில்லை. மின்கட்டணம், தேநீர், பாலித்தீன் உறைகள், பிளேயரின் ரப்பர் பெல்ட் ஆகியவையே முக்கியச் செலவுகள். ஸ்பீக்கர் பழுதுபார்த்த கூலியில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். அது கணக்கில் சேரவில்லை, சேர்க்கவும் வேண்டாம்.

அறையை வாடகையின்றித் தரும் உறுப்பினருக்கும், வழிநடத்திய தலைவருக்கும், கணக்கைக் கவனிக்கும் பொருளாளருக்கும், தவறாமல் தேநீர் தரும் கீழ்க்கடைக்காரருக்கும், கேசட் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்த நண்பருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. பிளேயரின் ஊசி இன்னும் சில மாதங்களுக்குமேல் தாங்காது. புதியது வாங்க நிலுவைச் சந்தாவில் பாதி வந்தாலே போதும். ‘ஆளுக்கொரு தட்டு’ நாளில் கடைசிச் சீட்டு முடியும் வரை அனைவரும் இருப்பது என்று பொதுக்குழு இன்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என முன்மொழிகிறேன். செயலாளர் பொறுப்பில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டேன். வேறொருவர் வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. அவர் பரிந்துரை ஏட்டைத் தொடர்வதாகச் சொன்னால், அறைச் சாவியையும் அலமாரிச் சாவியையும் இன்றே ஒப்படைப்பேன். அப்படி யாரும் முன்வராவிட்டால், இன்னும் ஓர் ஆண்டு இருக்க எனக்குத் தயக்கம் இல்லை. ஏட்டில் பக்கங்கள் நிறைய மிச்சம் இருக்கின்றன.

அடுத்த கூட்டம் வரும் முதல் ஞாயிறு மாலை 5.30 மணிக்கு. நவம்பரில் நால்வர் மட்டும் கேட்ட முருகதாஸ் கேசட்டை, அந்த உறுப்பினர் சம்மதித்தால், இரு பக்கமும் முழுமையாகக் கேட்கப் போகிறோம். மூன்றாவது கடிதத்தை நேற்று அஞ்சலில் சேர்த்தேன். நாற்காலிகள் 41 போட்டு வைக்கிறேன்.

இவண்,
செயலாளர்